மூட்டைப்பூச்சியும் முடக்கப்பட்ட பாயின்ட்டுகளும்: ஒரே வழக்கில் இரண்டையும் கேட்கலாமா?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கங்களுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவரையும் விடுதியையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

தனியார் நிறுவனமொன்றில் பணிபுரியும் அவர், அலுவல் பயணங்களின்போது பெரும்பாலும் ஒரே குழுமத்தின் விடுதிகளிலேயே தங்கி, அக்குழுமத்தின் உறுப்பினர் திட்டத்தில் ஒன்றரை லட்சத்துக்குச் சற்றுக் குறைவாகப் பாயின்ட் சேர்த்து வைத்திருந்தார். ஐந்து மாதங்களுக்கு முன், நாத்தனார் மகளின் நிச்சயதார்த்தத்துக்காகக் கணவர், ஏழு வயது மகள், மாமியார் ஆகியோருடன் பெங்களூரு சென்றபோது, அதே குழுமத்தின் விடுதியில் இரண்டு இரவுகளுக்கு அறை எடுத்தார். முதல் இரவுக்கு வாடகைக்குப் பதிலாக 30,000 பாயின்ட் கழிக்கப்பட்டது. மாமியாருக்கான கூடுதல் படுக்கைக்கு மட்டும் வரி உட்பட 1,575 ரூபாயைக் கார்டில் செலுத்தினார். இரண்டாம் இரவு ஒரு பயணச் செயலியில் மலிவாகக் கிடைத்ததால், விடுதியிலேயே பணம் கட்டும் முறையில் 6,300 ரூபாய்க்குப் பதிவு செய்திருந்தார். அந்தத் தொகையையும் வந்திறங்கிய அன்றே வாங்கிக்கொண்டார்கள்.

முதல் நாள் இரவு இரண்டரை மணிக்கு மகள் கையைச் சொறிந்துகொண்டு அழுதபடி எழுந்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் தலையணை உறையில் ரத்தப் பொட்டுகள். மெத்தையின் தையலோரத்தில் கறுப்புப் புள்ளிகள். அவற்றின் நடுவே மூன்று மூட்டைப்பூச்சிகள். கணவர் கைபேசியில் வீடியோப் படம் பிடித்தார். இவரோ, சீர்வரிசைப் பொருள்களுக்குத் தாள் சுற்றக் கொண்டுவந்திருந்த செல்லோடேப்பைக் கிழித்து, ஒரு பூச்சியை அதில் ஒட்டி, அறைச் சாவி அட்டையின் உறைமீது அழுத்தி வைத்துவிட்டார். பெட்டிகளை எடுத்துப்போக வந்த தமிழ்ப் பையன், தன்னுடன் வந்தவரிடம் "மறுபடியும் 312-ஆ?" என்று முணுமுணுத்தது கணவரின் காதில் விழுந்தது. மாற்றிக் கொடுத்த பக்கத்து அறையிலும் கட்டில் தலைப்பலகையின் பின்னால் அதே புள்ளிகள் இருந்ததால், நால்வரும் விடியும்வரை வரவேற்பறைச் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

காலையில் வந்த மேலாளர், பூச்சி உங்கள் பெட்டியில் வந்திருக்கலாம் என்றார். பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். நல்லெண்ணத்துக்காக 2,500 பாயின்ட் தருவதாகச் சொல்லி, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அச்சிட்ட தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். ஊர் திரும்பிய மூன்றாம் வாரம் வீட்டுக் கட்டிலிலும் பூச்சி தென்பட்டது. தோல் மருத்துவருக்கு 1,850 ரூபாயும், பூச்சி ஒழிப்புக்கு 14,000 ரூபாயும் செலவாயின. ஆத்திரத்தில் வாசகி வங்கியின் செயலியில், விடுதிக்குச் செலுத்திய 7,875 ரூபாயும் தாம் செய்யாத பரிவர்த்தனை என்று புகார் பதிந்தார். வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைத்தது. பத்தே நாளில் உறுப்பினர் கணக்கு முடக்கப்பட்டது. வங்கிப் புகாரைத் திரும்பப் பெற்று, இணையத்தில் எழுதிய விமர்சனத்தையும் நீக்கினால் மீதமுள்ள 1,12,400 பாயின்ட்டுகளை விடுவிப்பதாக மின்னஞ்சல் வந்திருக்கிறது.

அமெரிக்காவில் இதற்குக் கோடிக்கணக்கில் கொடுத்திருக்கிறார்களாமே, நான் பத்து லட்சமாவது கேட்கலாமா? பெங்களூருக்கு அலைய வேண்டுமா? பாயின்ட்டுகள் என் பணம்தானே, அதை எப்படி முடக்கலாம்? உணவுப் பாதுகாப்புத் துறையில் புகார் செய்தேன், பதிலே இல்லையே? இவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரி,

அந்த நள்ளிரவுப் பதற்றத்திலும் ஒரு பூச்சியை டேப்பில் ஒட்டி வைக்க வேண்டுமென்று உங்களுக்குத் தோன்றியதே, அதற்காக முதலில் உங்களைப் பாராட்டுகிறேன். இத்தகைய புகார்களோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் பூச்சியை நசுக்கிவிட்டு, கையில் இருக்கும் தடிப்பை மட்டும் காட்டுவார்கள். தடிப்பு கொசுக்கடியாலும் வரும், ஒவ்வாமையாலும் வரும். பூச்சி கையில் இருந்தால் அந்த வாதத்துக்கே இடமில்லை.

உங்கள் கடிதத்தில் இரண்டு தகராறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. பூச்சி பற்றியது சேவைக் குறைபாடு. அது சாட்சியத்தால் வெல்ல வேண்டியது. பாயின்ட் பற்றியது ஒப்பந்தம். அது நிபந்தனைகளைப் படித்து வெல்ல வேண்டியது. முதலாவதில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. இரண்டாவதில், வங்கிச் செயலியில் நீங்கள் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு வரியால் எதிர்த்தரப்பின் கையில் நீங்களே பிடி கொடுத்துவிட்டீர்கள். அதைச் சரிசெய்துவிட்டுத்தான் மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

முதல் வேலை: வங்கிக்கு ஒரு கடிதம்

"நான் செய்யாத பரிவர்த்தனை" என்பது கார்டு திருடப்பட்டவர்களுக்கும் மோசடிக்கு ஆளானவர்களுக்கும் உரிய வகை. மூன்று வேலை நாள்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கை அப்படிப்பட்டவர்களுக்கானது. நீங்களோ உங்கள் கையாலேயே கார்டைக் கொடுத்துப் பணம் கட்டியிருக்கிறீர்கள். வகைகளின் பட்டியல் நீளமாக இருந்தது, கோபத்தில் முதலில் இருந்ததைத் தொட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்புகிறேன். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை "பொய்ப் புகார்" என்றுதான் சொல்வார். கணக்கை முடக்கியதற்கும் அதையே காரணமாகக் காட்டுவார்.

ஆகவே இந்த வாரமே வங்கிக்கு எழுத்து மூலம், தவறான வகையில் பதிவு செய்துவிட்டதாகவும், உண்மையில் இது விற்றபடி சேவை தரப்படாதது குறித்த தகராறு என்றும் தெரிவித்து, வகையை மாற்றித் தருமாறு கேளுங்கள். காலக்கெடு கடந்துவிட்டது என்று வங்கி சொன்னால், புகாரைத் திரும்பப் பெற்று, 7,875 ரூபாய் உங்கள் கணக்கிலிருந்து கழிக்கப்படுவதற்கு உடன்பட்டுவிடுங்கள். அந்தத் தொகையை நுகர்வோர் ஆணையத்தில் கேட்டுக்கொள்ளலாம். எட்டாயிரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் பாயின்ட்டுக்கான வாதத்தைப் பலவீனமாக்குவது கட்டுப்படியாகாத கணக்கு. நீங்களாகவே திருத்திக்கொண்டீர்கள் என்று காட்டும் கடிதமும் பின்னாளில் உங்களுக்குத் துணையாக நிற்கும்.

அமெரிக்கத் தீர்ப்பு சொல்வது என்ன?

நீங்கள் படித்தது 2003-இல் சிகாகோவில் உள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அளித்த தீர்ப்பாக இருக்க வேண்டும். மலிவு விடுதியொன்றில் தங்கிய சகோதரன், சகோதரி இருவரையும் மூட்டைப்பூச்சி கடித்தது. கடிக்கான இழப்பீடு ஆளுக்கு 5,000 டாலர்தான். தண்டனையாக விதிக்கப்பட்டதே ஆளுக்கு 1,86,000 டாலர். அந்தத் தண்டனை எதற்காக என்பதை இணையத்தில் சுற்றும் செய்திகள் சொல்வதில்லை. பூச்சி ஒழிப்பு நிறுவனமொன்று 1998-லேயே விடுதி முழுவதற்கும் 500 டாலருக்கு மருந்தடித்துத் தருகிறோம் என்றபோது நிர்வாகம் மறுத்துவிட்டது. மருந்தடிக்கும்வரை வாடகைக்கு விடக்கூடாது என்று குறித்து வைத்திருந்த அறையையே விருந்தினருக்குக் கொடுத்தது. பூச்சி இருப்பது தெரிந்தே அறையை வாடகைக்கு விட்டதற்குத்தான் அந்தத் தண்டனை.

நம் ஆணையங்கள் அவ்வளவு பெரிய தொகை தரும் என்று உங்களுக்கு ஆசை காட்ட மாட்டேன். ஆனால் "தெரிந்தே கொடுத்தார்களா?" என்ற கேள்வி இங்கும் எடுபடும். "மறுபடியும் 312-ஆ?" என்ற அந்த முணுமுணுப்புக்கு நீங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள். என் கண்ணில் கடிதம் முழுவதிலும் கனமான வரி அதுதான். உங்கள் கணவர், தாம் கேட்ட சொற்களை அப்படியே, நேரத்தோடு, கூட்டாமல் குறைக்காமல் இப்போதே எழுதி வைக்கட்டும். பிறகு அதைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யலாம். காதால் கேட்டதை மட்டும் நம்பித் தீர்ப்பு வராது என்பதால், அதைத் தாங்கிப்பிடிக்கும் ஆவணத்தை விடுதியிடமிருந்தே வரவழைக்க வேண்டும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38-ஆம் பிரிவு, ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லும் உரிமையியல் நீதிமன்ற அதிகாரத்தை மாவட்ட ஆணையத்துக்கும் வழங்கியிருக்கிறது. நீங்கள் தங்கிய நாளுக்கு முந்தைய ஆறு மாதங்களுக்கான பூச்சி ஒழிப்புப் பதிவேடு, 312-ஆம் அறை குறித்து வந்த புகார்கள், வீட்டுப்பராமரிப்புப் பிரிவின் குறிப்புகள் ஆகியவற்றைத் தாக்கல் செய்ய உத்தரவிடுமாறு, புகாரோடு சேர்த்தே ஒரு மனு போடுங்கள். பதிவேட்டைக் கொடுத்தால் அதில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கொடுக்காவிட்டால் அந்த மறுப்பே உங்களுக்குச் சாதகமான அனுமானத்துக்கு இடமளிக்கும்.

"உங்கள் பெட்டியில் வந்திருக்கலாம்" என்ற வாதத்துக்கு உங்கள் கைபேசிப் படமே பதில். பெட்டியிலிருந்து ஒரு பூச்சி இறங்கி மெத்தைக்கு வருவது நடக்கக்கூடியதுதான். ஆனால் தையலோரத்தில் வரிசையாகப் படிந்திருக்கும் கறுப்புப் புள்ளிகள், செரித்த ரத்தத்தின் கழிவு. பல வயதுப் பூச்சிகளும் உரித்துப்போட்ட தோல்களும் ஒரே இடத்தில் இருப்பது வாரக்கணக்கான குடியிருப்பின் அடையாளம். நீங்கள் அறைக்குள் நுழைந்து எட்டு மணி நேரத்துக்குள் அவை உருவாக முடியாது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, புள்ளிகளும் தோல்களும் தெரியும் கட்டங்களைத் தனிப் படங்களாக அச்சிட்டு இணையுங்கள். மூலக் கோப்பு இருக்கும் கைபேசியை விற்றுவிடாதீர்கள்; மின்னணுச் சாட்சியத்துக்குரிய சான்றிதழையும் கணவரே கையெழுத்திட்டுத் தர வேண்டியிருக்கும். உங்கள் மாமியாருக்கு ஒரு தடிப்புகூட வரவில்லையே என்று மேலாளர் கேட்டாராம். ஒரே கட்டிலில் படுத்தவர்களிலும் சிலருக்கு உடனே தடிக்கும், சிலருக்கு நாள் கழித்துத் தடிக்கும், சிலருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் தோல் மருத்துவரின் சான்றில் இதையும் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அச்சப்படுகிறீர்களே என்பதற்காகச் சொல்கிறேன்: மூட்டைப்பூச்சி மனிதருக்கு நோய் பரப்புவதாக இதுவரை நிறுவப்படவில்லை. அரிப்பும், சொறிந்ததால் வரும் புண்ணும்தான் தொல்லை.

வீட்டில் தென்பட்ட பூச்சி விஷயத்தில் கொஞ்சம் அடக்கி வாசிப்பது நல்லது. முட்டை பொரிந்து, குஞ்சு வளர்ந்து கண்ணில் படுவதற்கு மூன்று வாரம் பொருந்தி வருகிற காலம்தான். ஆனால் நீங்கள் போகவரப் பயணித்த ஸ்லீப்பர் பேருந்திலிருந்தும் வந்திருக்கலாமே என்று குறுக்கு விசாரணையில் கேட்டால், உறுதியாக மறுக்க உங்களிடம் எதுவுமில்லை. 14,000 ரூபாயை அதற்கான ரசீதோடு கேளுங்கள். ஆனால் வழக்கின் தூணாக அதை நிறுத்தாதீர்கள். குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையதே என்று உச்ச நீதிமன்றம் 2021-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பலவீனமான ஒரு கோரிக்கையை ஓங்கிப் பேசினால் பலமான கோரிக்கையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

அந்த 1,575 ரூபாய் ரசீது

இது நீங்கள் எதிர்பார்க்காத இடமாக இருக்கலாம். நுகர்வோர் என்பவர் பணமோ வேறு பிரதிபலனோ கொடுத்துச் சேவை பெறுகிறவர். இலவசச் சேவை சட்டத்தின் வரம்புக்குள் வராது. பூச்சி கடித்தது முதல் இரவில். அந்த இரவு பாயின்ட்டில் கிடைத்தது. "அது நாங்கள் இலவசமாகக் கொடுத்த இரவு, அதற்கு அவர் நுகர்வோரே அல்ல" என்று விடுதி வாதிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. முன்பு பணம் கட்டித் தங்கியதால் கிடைத்ததே பாயின்ட், ஆகவே அதுவும் பிரதிபலன்தான் என்பது நம்முடைய பதில். நல்ல பதில்தான். ஆனாலும் முழு வழக்கையும் அந்த ஒரு கயிற்றில் தொங்கவிட எனக்கு மனமில்லை.

அதே இரவுக்கு, அதே அறைக்கு, கூடுதல் படுக்கைக்கென்று நீங்கள் 1,575 ரூபாய் கட்டியிருக்கிறீர்கள். அந்த ரசீது இருக்கும்போது முதல் இரவு முழுவதும் இலவசம் என்று யாரும் சொல்ல முடியாது. "இது சின்னத் தொகை, இதை விட்டுவிடலாம்" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். பயன்படுத்த முடியாமற்போன இரண்டாம் இரவுக்கான 6,300 ரூபாய் ரசீதும் அதனோடு சேரட்டும்.

ரசீதில் இன்னொன்றும் பாருங்கள். வாசலில் பெரிய எழுத்தில் இருப்பது குழுமத்தின் பெயர். ஜி.எஸ்.டி. எண்ணுக்கு மேலே சிறிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தின் பெயர். கட்டடமும் நடத்தும் பொறுப்பும் ஒருவரிடம், பெயர்ப்பலகையும் பாயின்ட் திட்டமும் இன்னொருவரிடம் என்பது இந்தத் தொழிலில் சாதாரணம். பூச்சிக்கு முதலாமவரையும் பாயின்ட்டுக்கு இரண்டாமவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். இதைக் கவனிக்காமல் பெயர்ப்பலகையை மட்டும் நம்பி நோட்டீஸ் அனுப்பி, "நாங்கள் அந்த விடுதியை நடத்தவில்லை" என்ற ஒற்றை வரிப் பதிலோடு ஆறு மாதத்தை இழந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மேலாளர் வாங்கிய கையெழுத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஏமாற்றியோ நெருக்கடி கொடுத்தோ வாங்கிய தீர்வுக் கையெழுத்து நுகர்வோரின் உரிமையைப் பறித்துவிடாது என்று, காப்பீட்டு வழக்கொன்றில் 1999-லேயே உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. இரவு முழுவதும் தூங்காமல், குழந்தையோடு, கணக்கை முடித்து வெளியேற நின்றவரிடம் நீட்டப்பட்ட தாள் அது. அவர்கள் சொன்ன 2,500 பாயின்ட்டும் உங்கள் கணக்கில் ஏறவில்லை. அந்தக் கையெழுத்தை ஏற்கவில்லை என்பதை, வழக்குக்கு முன் அனுப்பப்போகும் நோட்டீஸில் இனி தாமதிக்காமல் எழுதிவிடுங்கள். அதேபோல், "விருந்தினரின் சொந்தப் பொறுப்பில்" என்று அறைப் பதிவு அட்டையில் அச்சிட்டிருப்பதும் விடுதியின் கவனக்குறைவுக்குக் கவசமாகாது. டெல்லி தாஜ்மஹால் ஓட்டலில், நிறுத்தித் தரச் சொல்லி ஊழியரிடம் ஒப்படைத்த கார் திருடுபோன வழக்கில் 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது ஏறக்குறைய அதுதான்.

பாயின்ட் யாருடைய சொத்து?

"என் பணத்தை முடக்கிவிட்டார்கள்" என்கிறீர்கள். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் பாயின்ட் வங்கி இருப்பு அல்ல. ஏறத்தாழ எல்லாக் குழுமங்களின் நிபந்தனைகளும் பாயின்ட்டுக்குப் பண மதிப்பு இல்லை, அது உறுப்பினரின் சொத்தல்ல, திட்டத்தை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்றே தொடங்குகின்றன. மாரியட் பான்வாய், வேர்ல்ட் ஆஃப் ஹயாத் போன்ற திட்டங்களில் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் பாயின்ட் காலாவதியாகிவிடும். செயலி வழியே பதிவு செய்த இரவுக்குப் பாயின்ட்டும் உறுப்பினர் சலுகையும் தரவில்லை என்ற உங்கள் புகாரையும் விட்டுவிடுங்கள். நேரடிப் பதிவுக்கு மட்டுமே பாயின்ட் என்பது இத்திட்டங்களில் பொதுவான விதி. அது விடுதி செய்த தவறல்ல.

ஆனால் சொத்து இல்லை என்பதற்காக உரிமையே இல்லை என்றாகிவிடாது. பாயின்ட் ஒரு வாக்குறுதி. அதை நம்பித்தான் நீங்கள் ஆண்டுக்கணக்கில் வேறு விடுதிக்குப் போகாமல் இவர்களிடம் தங்கினீர்கள். நியாயமான காரணமின்றி ஒரு தரப்பே ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள இடம் தரும் நிபந்தனையை, 2019 சட்டத்தின் 2(46) பிரிவு நியாயமற்ற ஒப்பந்தத்தின் வரையறைக்குள் கொண்டுவருகிறது. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. அத்தகைய நிபந்தனையைச் செல்லாது என்று அறிவிக்கும் அதிகாரம் மாநில ஆணையத்துக்கும் தேசிய ஆணையத்துக்கும்தான் தரப்பட்டிருக்கிறது. மாவட்ட ஆணையத்துக்கு இல்லை. ஆகவே திருச்சியில் தாக்கல் செய்யும் புகாரில் "நிபந்தனையே செல்லாது" என்று கேட்காமல், "விமர்சனத்தை நீக்கினால்தான் பாயின்ட் என்று பேரம் பேசியது முறையற்ற வணிக நடைமுறையும் சேவைக் குறைபாடும் ஆகும், கணக்கை விடுவிக்க வேண்டும்" என்று கேளுங்கள். அந்த மின்னஞ்சல் அவர்கள் உங்களுக்கு எழுதித் தந்த சாட்சியம். வங்கிப் புகாருக்காக மட்டும் முடக்கியிருந்தால் அவர்களுக்குச் சொல்ல ஒரு காரணம் இருந்திருக்கும். விமர்சனத்தையும் சேர்த்துக்கொண்டதால்தான் அது பேரமாயிற்று.

இதில் அபாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். அடிக்கடி புகார் செய்கிறார் என்ற காரணத்தைச் சொல்லி ஓர் அமெரிக்க விமான நிறுவனம் பயணி ஒருவரின் உறுப்பினர் தகுதியை 2008-இல் ரத்து செய்தது. வழக்கு அந்நாட்டு உச்ச நீதிமன்றம்வரை போய், 2014-இல் பயணிக்கு எதிராக முடிந்தது. அது அங்குள்ள விமானத் துறைச் சட்டத்தை வைத்து வந்த முடிவு, நம்மைக் கட்டுப்படுத்தாது. என்றாலும் "எங்கள் விருப்பப்படி ரத்து செய்வோம்" என்ற நிபந்தனை எவ்வளவு வலுவோடு வாதிடப்படும் என்பதற்கு அது ஒரு முன்மாதிரி. வழக்கை வென்று பாயின்ட்டைப் பெற்றாலும், அதன்பின் அவர்கள் உங்களை உறுப்பினராக வைத்துக்கொள்ளாமல் போகலாம். கிடைத்தவுடன் செலவழித்துவிடுவது நல்லது.

கணக்குக்குள் நுழைய முடியாததால் இருப்பைக் காட்ட ஆதாரம் இல்லை என்று கலங்க வேண்டாம். மாதாமாதம் வந்த உறுப்பினர் அறிக்கைகள் உங்கள் மின்னஞ்சல் பெட்டியில் இருக்கும். விளம்பரப் பிரிவுக்குள் தேடுங்கள். முடக்கப்பட்ட காலத்தைக் காலாவதிக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்பதையும் நோட்டீஸில் கேளுங்கள். அலுவலகம் பணம் கட்டிய பயணங்களில் சேர்ந்த பாயின்ட் என்பதால், "வணிக நோக்கம்" என்ற ஆட்சேபம் எழலாம். நிச்சயதார்த்தத்துக்காக வந்து தங்கியது முழுக்க முழுக்கக் குடும்பப் பயன்பாடு என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.

விமர்சனத்தை நீக்க வேண்டியதில்லை, திருத்துங்கள். நடந்ததை நடந்தபடி, நாளும் அறை எண்ணும் நேரமும் குறிப்பிட்டு வைத்திருக்கும் பகுதி இருக்கட்டும். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-ஆம் பிரிவு அவதூறைக் குற்றமாக்கினாலும், பொதுநலனுக்காகச் சொல்லப்படும் உண்மைக்கு அதிலேயே விலக்கு உண்டு. ஆனால் "கொள்ளைக் கூட்டம்" என்ற உங்கள் கடைசி வரி அந்த விலக்கின் நிழலில் நிற்காது.

எங்கே, எப்படி, எவ்வளவு?

பெங்களூருக்கு அலைய வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்று 34-ஆம் பிரிவு அனுமதிப்பதால், திருச்சிராப்பள்ளி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். இணையவழியில் இ-ஜாக்ரிதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். நிபந்தனைகளில் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று எழுதியிருந்தாலும், அது நுகர்வோர் ஆணையத்தின் கதவை அடைக்காது என்பது 2018-இலேயே தீர்ந்துபோன விஷயம். சம்பவம் நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. ஐந்து மாதம் கழிந்திருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்துப் பதிவு செய்வதும் பயனுள்ளதுதான். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வருகின்றன. ஆனால் அது சமரச முயற்சி மட்டுமே. அங்கே பதிந்திருப்பதால் காலக்கெடுக் கடிகாரம் நின்றுவிடாது.

உணவுப் பாதுகாப்புத் துறை பதில் சொல்லாததில் வியப்பில்லை. தட்டில் பூச்சி கிடந்தால் அது அவர்களுடைய வேலை. மெத்தையில் கிடந்தால் அல்ல. விடுதி இருக்கும் பகுதியின் மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவுக்கு எழுதுங்கள். அவர்கள் ஆய்வு செய்து ஏதேனும் குறிப்பு எழுதினால் அதன் நகல் நமக்குப் பயன்படும்.

பத்து லட்சம் கேட்கலாமா என்றால், கேட்கத் தடையில்லை. எந்த ஆணையம், எவ்வளவு கட்டணம் என்பது கேட்கும் தொகையால் அல்ல, செலுத்திய தொகையால் தீர்மானிக்கப்படுகிறது. செலுத்தியது ஐந்து லட்சம்வரை இருந்தால் கட்டணமே இல்லை. ஆனால் என் அனுபவத்தில், எண்ணிக் காட்டக்கூடிய தொகைகளை முதலில் வைத்து, மனஉளைச்சலுக்கு மிதமான ஒரு தொகையைக் கேட்கும் புகாரைத்தான் ஆணையம் கவனத்தோடு படிக்கிறது. 7,875 ரூபாய், கழிக்கப்பட்ட 30,000 பாயின்ட், மருத்துவருக்கு 1,850, பூச்சி ஒழிப்புக்கு 14,000, முடக்கிய கணக்கை விடுவித்தல், மனஉளைச்சலுக்கு ஒரு லட்சம், வழக்குச் செலவு. நான் எழுதினால் இவ்வளவோடு நிறுத்துவேன். முதலில் இரு எதிர்த்தரப்புக்கும் பதினைந்து நாள் அவகாசத்தோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) நோட்டீஸ் அனுப்புங்கள். இது சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் பாதி வழக்குகள் அங்கேயே முடிந்துவிடுகின்றன. வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே ஆஜராகவும் உங்களுக்கு உரிமை உண்டு.

இனி விடுதிக்குப் போனால், பெட்டியைக் கட்டில்மீது வைக்காதீர்கள். நான் அறைக்குள் நுழைந்ததும் பெட்டியைக் குளியலறை ஓட்டுத் தரையில் வைத்துவிட்டு, கைபேசி விளக்கைப் பிடித்து மெத்தையின் நான்கு மூலைத் தையலையும் தலைப்பலகையின் பின்புறத்தையும் பார்த்த பிறகுதான் உட்காருவேன். என் மனைவிக்கு இது தீராத கேலி. புள்ளி தென்பட்டால், பக்கத்து அறையும் நேர் மேல், நேர் கீழ் அறைகளும் வேண்டாமென்று சொல்லி வேறு தளத்தில் கேளுங்கள். உங்களுக்குப் பக்கத்து அறையையே கொடுத்ததையும் புகாரில் தனியாக ஒரு பத்தியாக எழுத வேண்டும்.

கடைசியாக, சாவி அட்டை உறைமீது ஒட்டியிருக்கும் அந்தப் பூச்சி. அதை டேப்பிலிருந்து பிரிக்க முயலாதீர்கள், கால்கள் பிய்ந்துவிடும். அறை எண் தெரியும்படி உறையோடு சேர்த்துப் படமெடுத்து, காற்றுப் புகாத சிறிய டப்பாவில் ஈரம் படாமல் வையுங்கள். மேலே நாள், நேரம், பிடித்தவர் பெயர் எழுதி ஒட்டுங்கள். ஊரில் உள்ள கல்லூரியொன்றின் விலங்கியல் துறையில் பூச்சியியல் தெரிந்த பேராசிரியரிடம் காட்டி, இது மூட்டைப்பூச்சிதான் என்று அவருடைய கையெழுத்தோடு இரண்டு வரி வாங்குங்கள். எறும்பு வந்து அதைத் தின்றுவிடுவதற்கு முன், இந்த வாரமே.